கடலரிப்புத் தடுப்புப் பணிக்குப் பட்டா நிலம் கேட்டால்: அளவீடு முதல் இழப்பீடு வரை

கடலோர ஊர்களில் கற்சுவரும் தூண்டில் வளைவும் (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பு) பெரும்பாலும் ஊரே மனு கொடுத்து, மறியல் செய்து வாங்கிய பணிகள். அதனால் அளவைக்கு ஆள் வரும்போது கேள்வி கேட்கவே பலர் தயங்குகிறார்கள். கேட்டால் வேலை நின்றுவிடுமோ, ஊர் ஏசுமோ என்ற பயம். சுவர் வேண்டும் என்று கேட்பவரே, சுவருக்குப் போகும் தன் நிலத்துக்கு உரிய தொகையையும் கேட்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. இந்த வழிகாட்டி தமிழ்நாட்டுக் கடலோரத்தில் பட்டா நிலம் வைத்திருப்பவர்களுக்கும், பட்டா இல்லாமல் கடற்கரையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்கும் எழுதப்பட்டது. தொகை குறைந்துபோவதற்கான காரணங்கள் அளவீட்டு நாளிலும் விசாரணை நாளிலுமே உண்டாகிவிடுகின்றன. பிறகு வழக்காடி அவற்றைத் திருத்துவது மிகக் கடினம். ஆகவே அந்த இரண்டு நாட்களுக்கும் ஆயத்தமாவதுதான் இங்கே முக்கியமாகப் பேசப்படுகிறது.

சுவர் எவ்வளவு நிலத்தைத் தின்னும்

கரையில் நின்று பார்த்தால் கற்சுவர் ஒல்லியாகத் தெரியும். அடியில் அது அகலமானது. மேல்தள அகலம் 3 மீட்டர், உயரம் 4 மீட்டர், கடல் பக்கச் சரிவு ஒன்றுக்கு இரண்டு, நிலப் பக்கச் சரிவு ஒன்றுக்கு ஒன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடி அகலம் 3 + 8 + 6 = 17 மீட்டர். அலை அடியை அரிக்காதிருக்கக் கடல் பக்கம் போடும் அடிக்கல் வரிசை இதற்கு மேல். பொக்லைனும் டிப்பரும் ஓட நிலப் பக்கம் ஒரு பாதை வேண்டும். கல் இறக்கிவைக்கவும், நான்கு கால் கான்கிரீட் கட்டைகள் வார்க்கவும் தனி இடம் வேண்டும். தூண்டில் வளைவு கடலுக்குள் நீண்டாலும் அதன் வேர் கரையில்தான் ஊன்றப்படும். அங்கே லாரி திரும்பும் இடமும் சேரும்.

ஆகவே முதல் வேலை, பணியை எடுத்திருக்கும் துறையிடம் (நீர்வளத்துறையாகவோ மீன்வளத்துறையாகவோ இருக்கும்) குறுக்குவெட்டு வரைபடத்தையும், சர்வே எண்கள் குறித்த நிலத் திட்ட வரைபடத்தையும் கேட்டு வாங்குவது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். அதே மனுவில் விரிவான திட்ட அறிக்கை, கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதி, கரை மாற்றம் குறித்த ஆய்வு அறிக்கை, நில எடுப்பு முன்மொழிவின் நகல் ஆகியவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். எந்த நிலம் சுவருக்காக நிரந்தரமாகப் போகிறது, எது வேலைக் காலத்துக்கு மட்டும் தேவை என்று பிரித்துப் பாருங்கள். கல் குவிக்கவும் வண்டி ஓடவும் மட்டும் தேவைப்படும் தரிசு அல்லது விளைநிலத்தை விலைக்கு எடுக்க வேண்டியதில்லை. 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தில் 81ஆம் பிரிவின்படி அதிகபட்சம் 3 ஆண்டுக்குத் தற்காலிகமாக எடுத்து, ஈடு கொடுத்துத் திருப்பித் தரலாம். இதை நீங்கள் கேட்காவிட்டால் யாரும் நினைவூட்ட மாட்டார்கள்.

எந்தச் சட்டத்தில் எடுக்கிறார்கள்

அறிவிப்பின் தலைப்பிலேயே சட்டத்தின் பெயர் இருக்கும். கடலரிப்புத் தடுப்புக்குத் தனி நில எடுப்புச் சட்டம் கிடையாது. 2014 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் நில எடுப்பு, மறுவாழ்வு, மறுகுடியமர்வு குறித்த 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமே பொருந்தும். தடுப்புச் சுவரோடு நெடுஞ்சாலை விரிவாக்கமும் சேர்ந்தால் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001 பயன்படுத்தப்படலாம். அதன் நடைமுறையும் காலக்கெடுக்களும் வேறு. கீழே சொல்லும் பிரிவு எண்கள் எல்லாம் 2013 சட்டத்தினுடையவை.

இன்னொரு வழி தனியார் பேச்சுவார்த்தை. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு விலை பேசி, நேரடியாகக் கிரயம் வாங்கும். விரைவாகப் பணம் வரும். ஆனால் ஒப்புக்கொண்டு கிரயம் எழுதிவிட்டால் கூடுதல் தொகை கேட்டு, இழப்பீட்டுத் தகராறுகளை விசாரிக்கும் நில எடுப்பு ஆணையத்துக்குப் போகும் வழி அடைபடும். கீழே உள்ள முறையில் உங்கள் நிலத்துக்குச் சட்டப்படி எவ்வளவு வரும் என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். பேச்சுவார்த்தை மேசைக்குப் போவது அதற்குப் பிறகு.

மூன்றாவதாக ஒன்று நடக்கிறது, அதைத் தவிர்க்க வேண்டும். ஊர்க் கூட்டத்தில் ஒரு தாளை நீட்டி, "சுவர் கட்ட ஆட்சேபணை இல்லை" என்று கையெழுத்து வாங்குவார்கள். பணிக்கு ஆட்சேபணை இல்லை என்பது வேறு, நிலத்தை இலவசமாக விடுகிறேன் என்பது வேறு. கையெழுத்திட விரும்பினால் அதே தாளில் "என் பட்டா நிலத்துக்கான சட்டப்படியான இழப்பீட்டுக்கு உட்பட்டு" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். நகலைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிவிப்பு வருமுன் சேர்க்க வேண்டிய தாள்கள்

பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் ஆகியவற்றை இணையத்தில் எடுக்கலாம். வில்லங்கச் சான்றைக் குறைந்தது 30 ஆண்டுக்கு எடுங்கள். மூலப் பத்திரம் கிழிந்தோ கடலோடு போயோ இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கிவையுங்கள்.

பணம் தாமதமாவதற்கு முதற்காரணம் பட்டா இறந்தவர் பெயரில் இருப்பது. தாத்தா பெயரில் பட்டா, பேரன்மார் ஏழு பேர், இருவர் வெளிநாட்டில் என்றால், யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் தொகையை ஆணையத்தில் கட்டிவிட்டு அதிகாரி ஒதுங்கிக்கொள்வார். 77ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. பின்பு அதை எடுக்கத் தனியாக ஓர் அலைச்சல். வாரிசுச் சான்று வாங்கி, பட்டாவை இப்போதே மாற்றுங்கள். முதனிலை அறிவிப்பு (நிலத்தை எடுக்கப்போவதாக 11ஆம் பிரிவில் வரும் முதல் அறிவிப்பு) வந்துவிட்டால் ஆட்சியர் அனுமதியின்றி விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. வாரிசு முறைப் பட்டா மாற்றம் விற்பனை ஆகாது. அறிவிப்புக்குப் பின் நிலப் பதிவுகளைத் திருத்த 11(5) பிரிவு அதிகாரிகளுக்கே இரண்டு மாதம் கொடுக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

2004 சுனாமிக்குப் பிறகு தொகுப்பு வீடு பெற்ற குடும்பங்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2005 மார்ச் 30இல் வந்த வருவாய்த்துறை அரசாணை 172இன்கீழ், புது வீடு பெற்றவர்கள் கரையில் இருந்த பழைய மனையை அரசுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. உங்கள் குடும்பம் அப்படி எழுதிக் கொடுத்ததா, எந்த மனைக்கு, அதன்படி அ-பதிவேடு மாற்றப்பட்டதா என்று பாருங்கள். இதைத் தெரியாமல் விசாரணைக்குப் போனால் அங்கேதான் முதல்முறையாகக் கேள்விப்படுவீர்கள்.

கடலுக்குள் போன சென்ட்டுகள்

மற்ற நில எடுப்புகளில் இல்லாத சிக்கல் இது. பட்டாவில் 40 சென்ட் இருக்கும். கரையில் நிற்பது 22 சென்ட்டாக இருக்கும். எல்லைக் கற்கள் கடலுக்குள் கிடக்கும். அளவையர் வந்து நிற்கும் நிலத்தை மட்டும் அளந்து எழுதிப் போய்விடுவார். காணாமல் போன 18 சென்ட்டுக்கு ஈடு உண்டா என்பது தகராறுக்குரிய கேள்வி. எப்போது, எப்படிப் போனது என்பதற்கு ஆதாரம் இல்லாவிட்டால் அந்தத் தகராறைத் தொடங்கவே முடியாது. அதைவிடக் கொடுமை, புயல் நாளில் தண்ணீர் ஏறிய இடத்தை உயர் அலைக்கோடு (கடலேற்றத்தில் தண்ணீர் எட்டும் எல்லை) என்று குறித்து, இன்னும் காய்ந்து நிற்கும் நிலத்தையும் புறம்போக்கில் சேர்ப்பது.

செய்ய வேண்டியது இது. கிராம வரைபடத்தில் உள்நாட்டுப் பக்கம் இன்னும் நிற்கும் சர்வே கற்களைக் கண்டுபிடியுங்கள். புல வரைபடத்தில் ஒவ்வொரு புலமும் அடிக்கோடுகளாலும் செங்குத்து அளவுகளாலும் வரையப்பட்டிருக்கும். உள்ளே இரண்டு மூன்று கற்கள் கிடைத்தால் கடல் பக்க எல்லையை அவற்றிலிருந்து மீட்டெடுக்கலாம். வட்டாட்சியர் அலுவலகத்தில் கட்டணம் கட்டி எல்லை அளவீட்டு மனுக் கொடுத்து, இதைத் துறை அளவையரைக் கொண்டே செய்யுங்கள். தனியார் அளவையரின் வரைபடம் துணைக்கு உதவும், ஆனால் விசாரணையில் துறை அளவீட்டுக்கு இருக்கும் கனம் அதற்கு இருக்காது.

கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கிப் பார்க்கும் வசதி உண்டு. கோயில், கிணறு, தண்ணீர்த் தொட்டி என்று நகராத ஓர் அடையாளத்திலிருந்து கரைக்கோடு எத்தனை மீட்டர் என்று ஆண்டுவாரியாக அளந்து அட்டவணை போடுங்கள். கீழைக் கரையில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும், அதாவது செப்டம்பரிலும் ஜனவரியிலும், குமரி மேற்குக் கரையில் மே மாதத்திலும் அக்டோபரிலும் புகைப்படம் எடுங்கள். பருவத்தில் போன மணல் ஓரளவு திரும்பி வரும். ஒரே மாதத்துப் படத்தை வைத்து முடிவு சொன்னால் அது உங்களுக்கு எதிராகவும் திரும்பலாம்.

உயர் அலைக்கோட்டைக் கண்ணால் பார்த்துக் குறிக்கக் கூடாது. மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அங்கீகரித்த நிறுவனங்கள் குறித்த கோடே செல்லும். தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அவற்றில் ஒன்று. கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் உங்கள் சர்வே எண் எங்கே விழுகிறது என்று கேட்டு வாங்குங்கள். "இது சி.ஆர்.இசட். (கடற்கரை ஒழுங்குமுறை மண்டல) நிலம், உங்களுக்கு உரிமை இல்லை" என்று சொன்னால் ஏற்காதீர்கள். அந்த மண்டலத்துக்கான அரசு அறிவிக்கை நிலத்தில் என்ன கட்டலாம், என்ன கூடாது என்பதை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. பட்டா உரிமையை அது பறிப்பதில்லை.

அளவீட்டுக்கு வருவதிலும் முறை உண்டு. 12ஆம் பிரிவுப்படி நில உரிமையாளரோ அவர் எழுதிக் கொடுத்த ஆளோ இல்லாமல் அளக்கக் கூடாது; குறைந்தது 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தும் நீங்கள் வராவிட்டால் மட்டுமே அளக்கலாம். வீட்டுக்குள்ளோ வேலியிட்ட தோட்டத்துக்குள்ளோ உங்கள் சம்மதமின்றி நுழைய 7 நாள் அறிவிப்பு வேண்டும். அன்று நீங்களே இருங்கள். தென்னை, பனை, பூவரசு என்று மரங்களை எண்ணி, வயதோடு எழுதச் சொல்லுங்கள். கிணறு, ஆழ்துளைக் குழாய், மோட்டார், கருவாட்டுக் களம், வலைக் கொட்டகை, சுற்றுச்சுவர், கழிவறை, செப்டிக் தொட்டி எதுவும் விடுபடக் கூடாது. பட்டியலில் வராத எதற்கும் பணம் வராது. அளவை முடிந்ததும் மாறுபாடு இருந்தால் அன்றே எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

ஆட்சேபணை: 60 நாள்

வழக்கமான வரிசையில் முதலில் சமூகத் தாக்க ஆய்வும் பொது விசாரணையும், பிறகு 11ஆம் பிரிவின் முதனிலை அறிவிப்பும் வரும். அறிவிப்பு அரசிதழிலும், உள்ளூர் மொழி நாளிதழ் உட்பட இரண்டு நாளிதழ்களிலும், ஊராட்சி அல்லது நகராட்சி, வட்டாட்சியர், கோட்டாட்சியர், ஆட்சியர் அலுவலகங்களிலும் வெளியாக வேண்டும். வெளியான நாளிலிருந்து 60 நாளுக்குள் 15ஆம் பிரிவின்படி எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். நேரிலோ வழக்கறிஞர் மூலமோ பேசவும் வாய்ப்புத் தர வேண்டும்.

"என் நிலத்தை எடுக்காதீர்கள்" என்ற ஒற்றை வரி மனு பெரும்பாலும் ஒற்றை வரியில் தள்ளப்படும். எடுபடுவது மூன்று விதமான ஆட்சேபணைகள். முதலாவது பரப்பு: பக்கத்தில் புறம்போக்கு இருக்கும்போது தூண்டில் வளைவின் வேரை ஏன் பட்டா நிலத்தில் ஊன்ற வேண்டும் என்று சர்வே எண் காட்டிக் கேட்பது. இரண்டாவது வழி: கட்டுமரமும் வள்ளமும் ஏறி இறங்க, கரைவலை இழுக்க, வலை காய வைக்கச் சுவரில் எந்த இடத்தில், எத்தனை மீட்டர் இடைவெளி வேண்டும் என்று வரைபடத்தில் குறித்துக் கேட்பது. கற்சுவர் எழும்பிய பிறகு அதில் வழி திறப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். இதற்காக வாதாடுவது பட்டாதாரர் தனக்காக மட்டும் செய்வது ஆகாது. ஊருக்கே செய்யும் உதவி.

மூன்றாவது, பணியின் பின்விளைவு. தமிழ்நாட்டுக் கீழைக் கரையில் ஆண்டு முழுதும் சேர்த்துப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே எதைப் போட்டாலும் தெற்கில் மணல் சேரும், வடக்கில் கரை தின்னப்படும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு மெரினா அகன்றதும், ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரை கரைந்து கல் கொட்ட வேண்டி வந்ததும் இதனால்தான். புதுச்சேரித் துறைமுகத்துக்கு வடக்கே நேர்ந்ததும் இதே. உங்கள் மீதி நிலம் புதிய கட்டுமானத்துக்கு வடக்கே இருந்தால் கரை மாற்ற ஆய்வு, வடக்குப் பக்கத்தில் மணல் நிரப்பல், கடைசி வளைவுக்கு அப்பால் பாதுகாப்பு ஆகியவற்றை இந்த மனுவிலேயே கேளுங்கள். 28ஆம் பிரிவு, எடுக்கப்படும் நிலத்தால் உங்கள் மற்றச் சொத்துக்கும் வருமானத்துக்கும் வரும் பாதிப்பையும் இழப்பீட்டில் கணக்கிடச் சொல்கிறது. இந்த மனு அப்போது முதல் ஆதாரமாக நிற்கும்.

தேதிகளைக் குறித்துவையுங்கள். முதனிலை அறிவிப்பிலிருந்து 12 மாதத்துக்குள் 19ஆம் பிரிவு விளம்புகை (நிலத்தை எடுப்பது உறுதி என்ற அறிவிப்பு) வராவிட்டால் அறிவிப்பு ரத்தானதாகக் கருதப்படும். அரசு காரணம் எழுதி நீட்டிக்கலாம். விளம்புகையிலிருந்து 12 மாதத்துக்குள் தீர்வம் (இழப்பீட்டை முடிவு செய்யும் ஆணை) வர வேண்டும். இங்கும் நீட்டிப்புக்கு இடம் உண்டு.

தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது

21ஆம் பிரிவு அறிவிப்பு வந்ததும் உங்கள் கோரிக்கையை எழுதிக் கொடுக்க வேண்டும். வெறுங்கையோடு விசாரணைக்குப் போகாதீர்கள்.

26ஆம் பிரிவின்படி சந்தை மதிப்பு என்பது பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு, அருகிலுள்ள ஒத்த நிலங்களின் சராசரி விற்பனை விலை ஆகியவற்றுள் எது அதிகமோ அது. கணக்குக்குரிய நாள் முதனிலை அறிவிப்பின் நாள். சராசரி என்பது எல்லாப் பத்திரங்களின் சராசரி இல்லை. முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான பத்திரங்களை விலைவாரியாக அடுக்கி, மேல் பாதியை மட்டும் எடுத்துச் சராசரி காண வேண்டும். எடுத்துக்காட்டாக எட்டுப் பத்திரங்களில் சென்ட் விலை ஆயிரக் கணக்கில் 40, 45, 50, 55, 70, 80, 90, 100 என்றால் மொத்தச் சராசரி 66,250 ரூபாய். சட்டம் சொல்லும் சராசரி 85,000 ரூபாய். ஒரு சென்ட்டுக்கு 18,750 ரூபாய் வித்தியாசம்.

பத்திரங்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். கடலோரத்தில் மனை விற்பனையையும் விடுதிக்காக வாங்கிய நிலத்தையும் "ஒத்த நிலம் அல்ல" என்று தள்ளிவிட்டு, உள்ளே உவர்நிலம் விற்ற பத்திரத்தைச் சேர்ப்பது உண்டு. பக்கத்து சர்வே எண்களுக்கு வில்லங்கச் சான்று எடுத்து, பத்திர நகல்களைச் சேகரித்து, கடலிலிருந்து தூரம், சாலை வசதி, வகைப்பாடு என்று ஒப்பிட்டு நீங்களே ஒரு பட்டியல் கொடுங்கள். அதிகாரி எடுத்த பட்டியலையும், தள்ளியவற்றைத் தள்ளிய காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். கட்ட முடியாத மண்டலம் என்று விலையைக் குறைத்தால், அதே மண்டலத்துக்குள் நடந்த விற்பனையைக் காட்டுவதே சரியான பதில்.

சந்தை மதிப்பு கிடைத்ததும் பெருக்கற்காரணி வரும். நகர்ப்புறத்துக்கு 1, ஊரகத்துக்கு நகரிலிருந்துள்ள தூரத்தைப் பொறுத்து 1 முதல் 2 வரை மாநில அரசு நிர்ணயித்தது. உங்கள் ஊருக்கு எது, எந்த அரசாணைப்படி என்று எழுதிக் கேளுங்கள். அதோடு கட்டடம், மரம், பயிர் மதிப்பு சேரும். கட்டடத்தைப் பொறியாளரும் மரங்களை வேளாண், தோட்டக்கலை, வனத் துறையினரும் மதிப்பிட வேண்டும். இந்தக் கூட்டுத்தொகைக்கு 100 சதவீதம் ஆறுதல் தொகை (நிலத்தைக் கட்டாயமாக எடுப்பதற்காகத் தரும் கூடுதல்). அத்துடன், சமூகத் தாக்க ஆய்வு அறிவிப்பின் நாள் முதல் தீர்வ நாள் அல்லது நிலத்தை எடுத்துக்கொண்ட நாள், எது முந்தியதோ அதுவரை, சந்தை மதிப்பில் ஆண்டுக்கு 12 சதவீதம்.

கணக்குப் புரிவதற்காக ஒரு மாதிரி: 12 சென்ட் நிலம், சென்ட் 1,00,000 ரூபாய், காரணி 1.25 என்று கொள்வோம். 12,00,000 × 1.25 = 15,00,000. வீடும் மரங்களும் 6,00,000. கூட்டினால் 21,00,000. ஆறுதல் தொகை இன்னொரு 21,00,000. ஒன்றரை ஆண்டுக்கு 12 சதவீதக் கூடுதல் 2,16,000. மொத்தம் 44,16,000 ரூபாய். தீர்வத்தில் இந்த வரிகள் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மரங்களையும் கட்டடத்தையும் ஆறுதல் தொகைக்குப் பிறகு கூட்டி, அவற்றுக்கு உரிய 100 சதவீதத்தை விட்டுவிடுவது அடிக்கடி நேரும் பிழை. மேலே உள்ள கணக்கில் அதனால் மட்டும் 6 லட்சம் போகும்.

வீட்டின் ஒரு பகுதி மட்டும் சுவருக்குப் போகிறதென்றால், முழு வீட்டையும் எடுக்கச் சொல்லும் உரிமை 94ஆம் பிரிவில் இருக்கிறது. தீர்வம் வருமுன்பே இதை எழுதிக் கொடுத்துவிடுங்கள். தாழ்வாரம் போனால் போகட்டும் என்று விட்டவர்கள், வேலை நடக்கும்போது அதிர்வில் விரிசல் கண்ட சுவரோடு நிற்க நேரிடும்.

பட்டா இல்லாத குடும்பங்கள்

கடற்கரைப் புறம்போக்கில் தலைமுறையாக இருப்பவர்களிடம் "உங்களுக்குச் சட்டத்தில் எதுவும் கிடையாது" என்று சொல்லப்படுவது தவறு. 3(c) பிரிவு, நிலம் எடுப்பதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் நீர்நிலைகளை முதன்மையாக நம்பி வாழ்ந்து, நிலம் எடுக்கப்படுவதால் பிழைப்புப் பாதிக்கப்படும் குடும்பங்களையும் பாதிக்கப்பட்ட குடும்பங்களாகச் சேர்க்கிறது. மீனவர், படகோட்டி என்று பெயர் சொல்லியே சேர்க்கிறது. பக்கத்துப் பட்டா நிலம் எடுக்கப்பட்டு, அங்கே கருவாடு காயப்போட்டவரோ வலை பின்னியவரோ இடமிழந்தால் இந்தப் பிரிவைக் காட்டலாம்.

மூன்று ஆண்டு என்பதை நிரூபிக்க மீனவர் நல வாரிய அட்டை, மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் பதிவு, படகுப் பதிவுச் சான்று ஆகியவை உதவும். எல்லாவற்றையும்விட வலுவானது வங்கிப் புத்தகம்: மீன்பிடித் தடைக்கால நிவாரணம் ஒவ்வோர் ஆண்டும் வரவாகியிருக்கும், அந்த வரிகளை அடிக்கோடிட்டு நகல் வையுங்கள். பெண்கள் பெயரில் வரும் சேமிப்பு நிவாரணத் தொகையும் அப்படியே. மீன் விற்கும் பெண்களின் வருமானத்தைச் சமூகத் தாக்க ஆய்வுக் குழு கேட்காமலே போய்விடும். பொது விசாரணையில் அவர்களே எழுந்து சொல்லிக் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டும்.

மறுகுடியமர்வு நேர்ந்தால் இரண்டாம் அட்டவணை பொருந்தும்: வீடு இழந்தால் வீடு, ஓராண்டுக்கு மாதம் 3,000 ரூபாய் வாழ்வுத் தொகை, இடம்பெயரப் போக்குவரத்துக்கு 50,000, மறுகுடியமர்வுப் படி 50,000, சிறு வணிகருக்கும் கைவினைஞருக்கும் குறைந்தது 25,000 ரூபாய். இடம்பெயர நிலம் காட்டும்போது அது கடலிலிருந்து எவ்வளவு தூரம், படகும் எஞ்சினும் எங்கே நிற்கும் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

அவசரம் என்று சொன்னால்

புயலுக்குப் பிறகு 40ஆம் பிரிவைப் பயன்படுத்தலாம். இயற்கைப் பேரிடரால் எழும் அவசரம் அதில் வெளிப்படையாக இருக்கிறது. அப்போது சமூகத் தாக்க ஆய்வும் ஆட்சேபணை விசாரணையும் கைவிடப்படலாம், 21ஆம் பிரிவு அறிவிப்பிலிருந்து 30 நாளில் நிலத்தை எடுக்கலாம். ஆனால் தேவையான குறைந்தபட்சப் பரப்பை மட்டுமே எடுக்க வேண்டும். எடுக்கும் முன் மதிப்பிட்ட இழப்பீட்டில் 80 சதவீதத்தைக் கொடுக்க முன்வர வேண்டும். 27ஆம் பிரிவின்படி நிர்ணயித்த தொகையில் 75 சதவீதம் கூடுதலாகவும் தர வேண்டும். மேலே உள்ள மாதிரியில் அது 15,75,000 ரூபாய். பத்தாண்டுகளாகக் கடல் அரித்துவரும் ஊரில் திடீரென அவசரப் பிரிவைக் காட்டினால், எந்தப் பேரிடர், எந்தத் தேதி என்று கேட்பது நியாயமான கேள்வி. சமூகத் தாக்க ஆய்வு இல்லாதபோது 12 சதவீதக் கூடுதல் எந்த நாளிலிருந்து ஓடும் என்பதையும் விசாரணையிலேயே எழுதிக் கேளுங்கள்.

எந்த அறிவிப்பும் இல்லாமல் பட்டா நிலத்தில் கல்லைக் கொட்டத் தொடங்கினால், அன்றே சர்வே எண் அடையாளத்தோடு படமெடுத்து, ஆட்சியருக்கும் செயற்பொறியாளருக்கும் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். பயன் இல்லையென்றால் நீதிப்பேராணை. கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களுக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. நாகப்பட்டினம் முதல் திருவள்ளூர் வரை சென்னை. அரசமைப்பின் 300A உறுப்பு, சட்டப்படியல்லாமல் எவருடைய சொத்தையும் எடுக்கக் கூடாது என்கிறது. பல ஆண்டு கைவசம் வைத்திருந்ததால் அந்த நிலம் தனக்குரியதாகிவிட்டது என்று அரசு தன் குடிமக்களிடம் வாதாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் வித்யா தேவி வழக்கில் சொன்னது. பெண்களுக்கு வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

தீர்வம் வந்த பிறகு

பணத்தை வாங்கும் தாளில் வெறும் கையெழுத்துப் போடாதீர்கள். எதிர்ப்பின்றி வாங்கினால் கூடுதல் தொகை கேட்கும் உரிமை போய்விடும். இப்படி எழுதுங்கள்: "இத்தொகையை என் எதிர்ப்பைப் பதிவு செய்தே பெற்றுக்கொள்கிறேன். 64ஆம் பிரிவின்கீழ் கூடுதல் இழப்பீடு கோரும் உரிமையைக் கைவிடவில்லை." தேதி போட்டு, நகலில் அலுவலக முத்திரை வாங்குங்கள். பணத்தை மறுக்கத் தேவையில்லை. எதிர்ப்போடு வாங்கினால் போதும்.

தீர்வம் சொன்ன நாளில் நீங்களோ உங்கள் ஆளோ இருந்திருந்தால் அன்றிலிருந்து 6 வாரத்துக்குள் ஆட்சியரிடம் 64ஆம் பிரிவு மனுக் கொடுக்க வேண்டும். இல்லாதிருந்தால் அறிவிப்புக் கிடைத்ததிலிருந்து 6 வாரம் அல்லது தீர்வ நாளிலிருந்து 6 மாதம், எது முந்தியதோ அது. தகுந்த காரணம் இருந்தால் மேலும் ஓராண்டு வரை ஏற்கலாம். அதை நம்பி உட்காராதீர்கள். மனுவில் பரப்பு, விலை, மரம், கட்டடம், மீதி நிலப் பாதிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தொகை குறிப்பிடுங்கள். பக்கத்து நிலத்துக்காரர் ஆணையத்தில் வென்று கூடுதல் பெற்றால், அதே அறிவிப்பில் வந்த நீங்கள், மனுவே போடாதிருந்தாலும், அந்தத் தீர்ப்பு நாளிலிருந்து 3 மாதத்துக்குள் 73ஆம் பிரிவில் அதே விலையைக் கேட்கலாம். எழுத்துப் பிழை, கூட்டல் பிழை என்றால் 33ஆம் பிரிவில் 6 மாதத்துக்குள் திருத்தச் சொல்லலாம்.

தீர்வத் தொகைக்கு 96ஆம் பிரிவின்படி வருமான வரி இல்லை. வங்கியோ துறையோ வரி பிடித்தால் அந்தப் பிரிவையும், மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் 2016ஆம் ஆண்டின் 36ஆம் எண் சுற்றறிக்கையையும் காட்டுங்கள். முழு இழப்பீடும் தீர்வத்திலிருந்து 3 மாதத்துக்குள் வர வேண்டும், அதற்குப் பிறகே நிலத்தை எடுக்க வேண்டும். பணம் வருமுன் நிலம் போயிருந்தால் முதலாண்டு 9 சதவீதமும் அதன்பின் 15 சதவீதமும் வட்டி உண்டு.

கடைசியாக உட்பிரிவு. எடுக்கப்பட்ட பகுதி தனி எண்ணாகி அரசின் பெயருக்குப் போக வேண்டும்; மீதி உங்கள் பெயரில் தனிப் பட்டாவாக வர வேண்டும். பல ஊர்களில் பணம் கொடுத்ததோடு இந்த வேலை நின்றுவிடுகிறது. பிறகு மீதி நிலத்தை விற்கப் போகும்போதோ வங்கிக் கடன் கேட்கும்போதோ முழு சர்வே எண்ணும் நில எடுப்பில் இருப்பதாகப் பதிவு காட்டும். புதிய புல வரைபடத்தில் சுவரின் நிலப் பக்க எல்லை எத்தனை மீட்டரில் முடிகிறது என்று குறிக்கப்பட்டிருக்கிறதா பார்த்து, அந்த எல்லையில் கல் நட்டுத் தரும்படி வட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து வையுங்கள்.